நான்கு மை, நான்கு கோணம்: படத்தை வண்ணப் புள்ளிகளாக்கும் ஸ்கிரிப்ட்

சுவரில் தொங்கும் காலண்டர் அட்டையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மயிலின் கழுத்தில் பச்சை என்று ஒரு மையே கிடையாது. சியான் (பச்சை கலந்த நீலம்) புள்ளி ஒன்று, அதன் மேல் பாதி ஏறி உட்கார்ந்த மஞ்சள் புள்ளி ஒன்று, நடுநடுவே பொடிசாகக் கருப்பு. கண்ணாடியை எடுத்துவிட்டால் பச்சை. அச்சுத் தொழிலில் இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர். புள்ளிகளுக்கு இடையிலான தூரம் மாறாது, மையின் அடர்த்தியும் மாறாது. மாறுவது புள்ளியின் பருமன் மட்டும்.

போட்டோஷாப்பில் இதற்கு ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஒரே ஒரு படம்தான் என்றால் அதுவே போதும். ஐம்பது படங்களை ஒரே அளவில், ஒரே கோணத்தில், நாளைக்கு மறுபடியும் அதேபோல எடுக்க வேண்டும் என்றால் டெர்மினலில் ஓடும் சொந்த ஸ்கிரிப்ட்தான் சௌகரியம். பைத்தானில் நூறு, நூற்றைம்பது வரிகளில் முடிந்துவிடும். கணக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அந்தச் சின்னக் கணக்கில் ஓர் இடம் தவறினாலும் படம் வெளுத்துப்போகும், அல்லது அழுக்காகும், அல்லது மேலே அலை அலையாகக் கோடு ஓடும்.

தயார் செய்துகொள்ள

பைத்தான் 3, அதனுடன் பில்லோ என்ற பட நூலகம். இவ்வளவுதான் கட்டாயம். டெபியன் 12, உபுண்டு 23.04 முதற்கொண்டு, பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) மூலம் நேரடியாக நிறுவப் போனால் ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று மறுத்துவிடும். மிரட்டி நிறுவும் ஆப்ஷன் ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள். ஒரு மெய்நிகர் சூழல் (மற்றவற்றைத் தொடாத தனி பைத்தான் அடைவு) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள், அல்லது ஆப்ட் வழியாக உங்கள் லினக்ஸ் விநியோகம் தரும் பில்லோ தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்டின் பெயரையும் அதன் ஆப்ஷன்களையும் தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் 3 மூலக்கோப்பை யூனிகோடாகவே படிக்கிறது. கட்டளை வரியில் வரும் ஆப்ஷன்களைப் படித்துத் தரும் ஆர்க்பார்ஸ் நூலகமும் ஆப்ஷன் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் கவலைப்படாது. கோப்பின் முதல் வரியில் பைத்தான் 3-ஐ அழைக்கும் ஷிபாங் வரியை (#! என்று தொடங்குவது) போட்டு, கோப்புக்கு இயங்கும் அனுமதி கொடுத்துவிட்டால், லினக்ஸிலும் மேக்கிலும் இப்படி ஓடும்:

./புள்ளி மயில் --இடைவெளி 12 --வெளியீடு மயில்-புள்ளி

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, ‘கொ’ போன்ற எழுத்துகள். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினால் ஒரு குறியீட்டு வரிசை, சேர்ந்த வடிவமாகத் தட்டினால் வேறொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாறிப் பெயர்களை பைத்தான் தானாகவே ஒழுங்குபடுத்திக்கொள்ளும், ஆனால் மேற்கோளுக்குள் இருக்கும் ஆப்ஷன் பெயரை அப்படிச் செய்யாது. ‘தெரியாத ஆப்ஷன்’ என்று பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் வராத பெயர்களாகப் பார்த்து வைத்துவிட்டால் தொல்லையே இல்லை. இரண்டாவது, விண்டோஸில் எழுதிச் சேமித்த கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் ஷிபாங் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். கோப்பு கண்முன்னே இருக்க, ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று டெர்மினல் அடம்பிடிக்கும். எடிட்டரில் வரி முடிவை யூனிக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.

பில்லோ படத்தைத் திறக்கும்போது கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தே வகையைக் கண்டுபிடிக்கிறது. சேமிக்கும்போதுதான் பெயரின் பின்னொட்டைப் பார்க்கும். பின்னொட்டு தெரியாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அதனால் சேமிக்கும் வரியில் வகை பிஎன்ஜி என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

படத்தை உள்ளே எடுக்கும்போது

திறந்தவுடன் மூன்று காரியங்களை இதே வரிசையில் செய்ய வேண்டும். செல்போனில் எடுத்த படம் பல நேரம் படுக்கைவசமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ‘நிமிர்த்திக் காட்டு’ என்ற குறிப்பு, கேமரா படத்தோடு சேர்த்துவைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். பில்லோ அதைத் தானாகக் கவனிக்காது. இமேஜ்ஆப்ஸ் பகுதியில் உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸை ஒருமுறை அழையுங்கள். அடுத்தது, பின்னணி நீக்கிய பிஎன்ஜி. அதை நேராக ஆர்ஜிபி-க்கு (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள்) மாற்றினால் ஊடுபுலப்படும் பகுதிக்கு அடியில் ஒளிந்திருக்கும் நிறம் வெளியே வந்துவிடும். அது பெரும்பாலும் கருப்பு. படத்தைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள் மொய்த்தால் காரணம் இதுதான். வெள்ளைத் தாள் ஒன்றை உருவாக்கி அதன்மேல் படத்தை ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். மூன்றாவதாகத்தான் ஆர்ஜிபி மாற்றம்.

பழைய பத்திரிகையிலிருந்து ஸ்கேன் செய்த படம் என்றால் அதில் ஏற்கெனவே புள்ளி இருக்கிறது. புள்ளியின் மேல் புள்ளி போட்டால் மோரே, அதாவது அலை அலையான கோடு, வராமல் இருக்காது. 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்து, பழைய புள்ளி மறையும் அளவு மங்கலாக்கி, அதன்பின் சிறிதாக்குங்கள். 150 எல்.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை) அச்சான பத்திரிகைக்கு 600 டிபிஐ ஸ்கேனில் புள்ளி இடைவெளி 4 பிக்சல். மங்கலாக்கும் ஆரமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும்.

ஒற்றைக் கட்டம்: சூடு பார்க்க

முதலில் எளிய வடிவத்தை எழுதி ஓடவிடுங்கள். படத்தை இடைவெளி அளவுள்ள சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் சராசரி நிறத்தையும் எடுத்து, அந்த நிறத்திலேயே ஒரு வட்டம் வரைவது. 1200×800 படத்துக்கு இடைவெளி 8 என்றால் 150×100, மொத்தம் 15,000 புள்ளிகள். சராசரிக்குத் தனிக் கணக்கு எழுத வேண்டாம். பாக்ஸ் முறையில் படத்தை 150×100 ஆகச் சுருக்கினால் ஒவ்வொரு பிக்சலும் ஒரு சதுரத்தின் சராசரிதான். வேறு முறைகளில் சுருக்கினால் பக்கத்துச் சதுரங்களின் நிறமும் கலந்துவரும். அருகிலுள்ள பிக்சலை மட்டும் எடுக்கும் முறையோ நடுப் பிக்சலை அப்படியே எடுத்துக்கொள்ளும், மீசை ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி திடீரென்று எட்டிப்பார்க்கும்.

போஸ்டருக்கு இது அழகாகவே இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்த காலண்டர் மாதிரி இருக்காது, ஏனென்றால் இங்கே ஆயிரக்கணக்கான மைகள், அங்கே நான்கு. இனி வருவது அந்த நான்கின் கணக்கு.

ஆரம் எவ்வளவு?

மை 0 முதல் 1 வரை ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். 0 என்றால் வெறும் தாள், 1 என்றால் முழுக்க மை. பலரும் முதலில் எழுதும் வரி:

ஆரம் = மை × இடைவெளி ÷ 2

பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. கண்ணுக்குத் தெரிவது பரப்பு. ஆரம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும். மை 0.5 என்னும்போது இந்த வாய்ப்பாடு தரும் புள்ளி, சதுரத்தில் 20 சதவீதத்தைக்கூட முழுதாக மூடாது. வேண்டியது 50. நடுநிறங்கள் எல்லாம் வெளுத்து, படம் வெயிலில் காயப்போட்டதுபோல் வருவது இதனால்தான். சரியான வரி:

ஆரம் = இடைவெளி × √(மை ÷ 3.1416)

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மை 0.785-ஐத் தொடும்போது வட்டம் சதுரத்தின் நான்கு விளிம்புகளையும் தொட்டுவிடும். அதற்கு மேல் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்குவதால், கூடும் பரப்பில் ஒரு பகுதி வீணாகும். மை 1 என்று கொடுத்தால் இந்த வாய்ப்பாடு இடைவெளியில் 0.564 பங்கை ஆரமாகத் தரும். அந்த வட்டம் சதுரத்தில் சுமார் 91 சதவீதத்தைத்தான் மூடும், மூலைகளில் வெள்ளை நட்சத்திரம்போலத் தாள் எட்டிப்பார்க்கும். கன்னங்கரேலென்று வரவேண்டிய தலைமுடி சாம்பல் பூத்ததுபோல இருக்கும். மூலைவரை மூட வேண்டுமானால் ஆரம் இடைவெளியின் 0.707 பங்காக வேண்டும். எனவே மை 0.785 வரை வர்க்கமூலம், அதற்கு மேல் 0.5-லிருந்து 0.707 வரை நேர்கோட்டில் ஏற்றம். துல்லியமான வளைவு இதைவிடச் சற்று மாறுபடும், ஆனால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

திரையின் 128 பாதி வெளிச்சம் அல்ல

ஆர்ஜிபி எண் 0 முதல் 255 வரை. நடுவில் இருக்கும் 128 பாதி வெளிச்சம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் திரை அந்த எண்ணுக்கு வெளியிடும் ஒளி, வெள்ளையின் சுமார் 21.6 சதவீதம்தான். எஸ்ஆர்ஜிபி (திரைகளின் வழக்கமான நிற முறை) எண்கள் ஒளியின் அளவுக்கு நேராக அல்ல, கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. புள்ளி வேலையோ முழுக்க ஒளியைக் கலக்கும் வேலை. கருப்புப் புள்ளியும் வெள்ளைத் தாளும் கண்ணில் ஒன்றாகக் கலக்கின்றன. அதனால் 128 என்ற சாம்பலைத் திரையில் காட்டக் கருப்பு 50 சதவீதம் போதாது, 78 சதவீதம் வேண்டும்.

மாற்றும் முறை: எண்ணை 255-ஆல் வகுங்கள். விடை 0.04045 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 12.92-ஆல் வகுத்தால் போதும். மேலே இருந்தால் 0.055 கூட்டி, 1.055-ஆல் வகுத்து, 2.4 அடுக்குக்கு உயர்த்துங்கள். மொத்தம் 256 எண்கள்தான், முன்கூட்டியே ஒரு பட்டியலாகப் போட்டுவைத்துக்கொண்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கம். சராசரி எடுப்பதும் ஒளி அளவில்தான் நடக்க வேண்டும். பில்லோவின் மங்கலாக்கும் வேலையோ வளைத்த எண்களிலேயே நடக்கிறது. பாதி கருப்பு, பாதி வெள்ளையாக இருக்கும் சதுரத்துக்கு அது 128 என்று சொல்லும், அதை ஒளியாக்கினால் 0.5 வராமல் 0.216 வரும். புகைப்படங்களில் இது கண்ணில் படாது. கோட்டுச் சித்திரம், எழுத்து, லோகோ என்றால் ஓரங்கள் தடித்துவிடும். அப்படிப்பட்ட படங்களுக்கு, எண் வரிசைகளைக் கணக்கிடும் நம்பை நூலகத்தைச் சேர்த்து, முதலில் ஒளியாக்கி, பிறகு சராசரி எடுங்கள்.

நான்கு மைகளாகப் பிரித்தல்

பில்லோவில் சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கருப்பு) மாற்றம் தயாராக இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டால் ஏமாற்றம்தான். ஆர்ஜிபி-யிலிருந்து அது செய்யும் மாற்றம் 255-லிருந்து கழிப்பது மட்டுமே. கருப்புத் தளம் முழுக்கக் காலியாக வரும். கருப்பை நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒளி அளவாக்கிய பிறகு, மூன்றில் பெரியதை 1-லிருந்து கழித்தால் கருப்பு. சியான் என்பது 1 − சிவப்பு ÷ (1 − கருப்பு). மெஜந்தாவுக்குப் பச்சையும் மஞ்சளுக்கு நீலமும் அதே இடத்தில் வரும். கருப்பு 1 ஆகும்போது கீழே பூஜ்யம் வந்து வகுத்தல் முறியும், அப்போது மற்ற மூன்றையும் 0 என்று வைத்துவிடுங்கள்.

ஒரு செங்கல் நிறத்தை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்: 180, 90, 60. ஒளியாக்கினால் 0.456, 0.102, 0.045. கருப்பு 0.544. சியான் 0. மெஜந்தா 1 − 0.102 ÷ 0.456, அதாவது 0.776. மஞ்சள் 0.901. இடைவெளி 12 பிக்சல் என்றால் கருப்புப் புள்ளியின் ஆரம் 5 பிக்சல், மெஜந்தாவுக்கு 6 பிக்சலுக்கு மயிரிழை குறைவு. மஞ்சள் 0.785-ஐத் தாண்டிவிட்டதால் இரண்டாவது விதிப்படி 7.3. ஸ்கிரிப்ட் எழுதி முடித்ததும் இந்த ஒரே நிறத்தில் ஒரு சதுரப் படம் செய்து ஓடவிட்டு, இந்த எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் தவறு எந்த அடியில் என்பது உடனே தெரிந்துவிடும்.

முகங்களில் இந்தக் கருப்பு கொஞ்சம் கொடுமை செய்யும். தோலின் நடுநிறத்திலேயே கருப்புப் புள்ளி நிறைய விழுவதால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். கருப்பை அதன் வர்க்கத்தால் மாற்றிவிடுங்கள். 0.544 இருந்த இடத்தில் 0.296. குறைந்த கருப்பை வைத்தே மற்ற மூன்றையும் மறுபடி கணக்கிட்டால், விட்டுப்போன இருட்டை அவை தானாக ஏற்றுக்கொள்ளும்: சியான் 0.352, மெஜந்தா 0.855, மஞ்சள் 0.936. நிறம் மாறாது, அழுக்கு மட்டும் போய்விடும். இந்த அடுக்கையே ‘கருமை’ என்று ஓர் ஆப்ஷனாக வைப்பது நல்லது. கட்டடம், வண்டி, இயந்திரம் என்றால் 1. முகம் என்றால் 2. சின்னக் குழந்தையின் முகம் என்றால் 3 வரை போகலாம்.

கோணமும் மோரேயும்

நான்கு மைகளின் கட்டமும் ஒரே கோணத்தில் இருந்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். அச்சு பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மொத்தப் படத்தின் நிறமும் மாறும். அதனால் ஆப்செட் அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு கோணம் கொடுப்பார்கள்: சியான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0, கருப்பு 45 பாகை. கண்ணில் பளிச்சென்று படும் மூன்று மைகளுக்கும் நடுவே முப்பது முப்பது பாகை. மஞ்சள் மங்கலான நிறம், அது சியானுக்கு 15 பாகையில் நெருங்கி இருந்தாலும் யாருக்கும் தெரியாது. கருப்புக்கு 45 கொடுப்பதற்கும் காரணம் உண்டு. நேர்க்கிடை, நேர்க்குத்து வரிசைகளைக் கண் உடனே பிடித்துவிடும், சாய்ந்த வரிசையை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது.

சதுரக் கட்டம் 90 பாகை சுழன்றால் பழையபடியே ஆகிவிடும். போட்டோஷாப் ஃபில்டரில் இயல்பாக இருக்கும் 108, 162, 90, 45 என்ற எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 90-ஐக் கழித்தால் அவை 18, 72, 0, 45. அதே குடும்பம்தான்.

இரண்டு கட்டங்கள் கோணம் மாறி ஒன்றன்மேல் ஒன்று விழும்போது புதிதாக ஒரு பெரிய அலை பிறக்கிறது. அதுதான் மோரே. அலையின் நீளத்தை இப்படிக் கணக்கிடலாம்: இடைவெளியை, கோண வித்தியாசத்தில் பாதியின் சைன் மதிப்பைப்போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 30 பாகை வித்தியாசத்துக்கு அலை நீளம் இடைவெளியைப்போல் 1.93 மடங்கு. ஏறக்குறைய புள்ளி அளவுதான், தனியாகத் தெரியாது. பூதக்கண்ணாடியில் பூப்பூவாகத் தெரியும் ரோசெட் வடிவம் இதுதான். 5 பாகை வித்தியாசம் என்றால் 11.5 மடங்கு. இடைவெளி 10 பிக்சலாக இருந்தால் 115 பிக்சலுக்கு ஒரு பட்டை, முகத்தின் குறுக்கே சேலைக் கரை மாதிரி ஓடும். ‘கொஞ்சமாகத் திருப்பிப் பார்ப்போமே’ என்று கோணத்தைக் கைபோன போக்கில் மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சாய்ந்த கட்டத்துக்கு, படத்தைச் சுழற்றி, புள்ளி போட்டு, திருப்பிச் சுழற்றும் ஸ்கிரிப்டுகளும் புழக்கத்தில் உண்டு. இரண்டு முறை சுழற்றுவதில் புள்ளியின் ஓரம் கெட்டுவிடும். படத்தை அசைக்காமல் புள்ளியின் இடத்தை மட்டும் கணக்கிடுவதே நல்லது. படத்தின் நடுவிலிருந்து வரிசை எண், நிரல் எண் இரண்டையும் எடுத்துக்கொண்டு:

கிடை = நடுக்கிடை + (நிரல் × கோசைன் − வரிசை × சைன்) × இடைவெளி
குத்து = நடுக்குத்து + (நிரல் × சைன் + வரிசை × கோசைன்) × இடைவெளி

வரிசை, நிரல் இரண்டும் எதிர்மறை எண்ணிலிருந்து நேர்மறை எண் வரை ஓட வேண்டும். எவ்வளவு தூரம் என்றால், படத்தின் மூலைவிட்டத்தில் பாதியை இடைவெளியால் வகுத்து ஒன்றிரண்டு கூட்டினால் போதும். படத்தின் அகலத்தில் பாதியை வைத்து ஓட்டினால் சாய்ந்த கட்டம் மூலைகளை எட்டாது, நான்கு மூலைகளும் வெறுமையாக நிற்கும். படத்துக்குச் சற்று வெளியே மையம் கொண்ட புள்ளிகளையும் விட்டுவிடாதீர்கள், அவற்றின் வயிறு உள்ளே வரும். அவற்றுக்கான நிறத்தை அருகிலுள்ள ஓரப் பிக்சலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எல்லைக்கு ஓர் இடைவெளி தூரத்துக்கும் அப்பால் உள்ளவற்றைத் தள்ளிவிடுங்கள்.

சாய்ந்த கட்டத்தில் சுருக்கிச் சராசரி எடுக்கும் வித்தை பலிக்காது. பதிலாக, இடைவெளியில் ஒன்று கழித்துப் பாதியாக்கிய ஆரத்தில் பாக்ஸ் பிளர் போட்டுவிட்டு, புள்ளியின் மையத்தில் உள்ள பிக்சலை எடுங்கள். ஏறக்குறைய அந்தச் சதுரத்தின் சராசரிதான் கிடைக்கும். பிக்சல்களை எடுக்க, படத்தை ஒருமுறை லோடு செய்து அந்தப் பொருளிலிருந்து நேராகப் படியுங்கள். கெட்பிக்சலை லட்சம் முறை அழைத்தால் ஸ்கிரிப்ட் தவழும்.

வரைதல்

பில்லோவின் வட்டத்துக்கு ஓர மழுப்பல் (ஓரத்தின் படிக்கட்டை மென்மையாக்குவது) கிடையாது. ஆரம் 2 பிக்சல் உள்ள புள்ளி வட்டமாக வராமல் சோழிபோல வரும். எல்லாவற்றையும் 4 மடங்கு அளவில் வரைந்து, முடிவில் நான்கில் ஒரு பங்காகச் சுருக்குவதுதான் வழி. நினைவகத்தைக் கணக்கில் வையுங்கள். 3000×2000 படம் 4 மடங்கில் 12000×8000, அதாவது 9.6 கோடி பிக்சல். சாம்பல் தளம் ஒன்றுக்கே 96 எம்பி. ஒரு மையை வரைந்து முடித்தவுடன் சுருக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சாதாரண லேப்டாப்பே தாங்கும். நான்கையும் பெரிய அளவிலேயே வைத்திருந்தால் மூச்சு வாங்கும்.

ஒவ்வொரு மைக்கும் ஒரு தனிச் சாம்பல் தளம். தாள் 255, புள்ளி 0. நான்கும் தயாரானதும் நிறமூட்டிப் பெருக்க வேண்டும். கூட்டவோ ஒட்டவோ கூடாது. மை என்பது கண்ணாடித்தாள் மாதிரி, சியானின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை தெரிய வேண்டும். வட்டங்களை ஒரே படத்தில் வரிசையாக வரைந்துகொண்டே போனால் கடைசியாக வரைந்த மை மற்றதை மறைத்துவிடும், பச்சையே பிறக்காது. இமேஜ்ஆப்ஸின் கலரைஸ் மூலம் தளத்தின் கருப்பை மை நிறமாக மாற்றி, இமேஜ்சாப்ஸின் மல்டிப்ளை மூலம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்குங்கள். மை நிறங்களுக்கு சியான் 0, 174, 239. மெஜந்தா 236, 0, 140. மஞ்சள் 255, 242, 0 என்று கொடுத்தால் அச்சு மையின் சாயல் வரும். திரையின் சுத்த சியானும் சுத்த மெஜந்தாவும் கண்ணைக் குத்தும். ஆனால் மேலே போட்ட செங்கல் கணக்கின் நிறம் அச்சொட்டாகத் திரும்பக் கிடைப்பது சுத்த நிறங்களில்தான். எனவே சோதனைக்குச் சுத்த நிறம், பார்வைக்கு அச்சு நிறம்.

பெரிய பேனருக்கு எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பட வகை) வேண்டுமென்றால் வரைய வேண்டியதே இல்லை, வட்டங்களை எழுத்தாக எழுதினால் போதும். ஒரு மையின் எல்லா வட்டங்களையும் ஒரே குழுவுக்குள் வைத்து, நிறத்தைக் குழுவுக்கு ஒருமுறை மட்டும் கொடுங்கள். எண்களை இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள், 0.3-க்குக் குறைந்த ஆரமுள்ள புள்ளிகளை எழுதவே வேண்டாம். ஒரு வட்டம் சுமார் 40 எழுத்து. 1200×800 படம் இடைவெளி 8-ல் நான்கு மைக்கும் சேர்த்து 60,000 வட்டம், ஏறக்குறைய 2.5 எம்பி. இடைவெளியைப் பாதியாக்கினால் இது நான்கு மடங்கு. பெருக்கல் கலப்பைக் குழுவின் ஸ்டைலில் சொல்ல வேண்டும். பிரவுசர்களிலும் இங்க்ஸ்கேப் 1.0 முதலாகவும் அது வேலை செய்யும். சில பட வியூவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் மறைத்து வரையும். எஸ்விஜி-க்கு மட்டும் கோப்பின் பின்னொட்டு வழக்கமானதாகவே இருக்கட்டும், இல்லையென்றால் பிரவுசர் அதை வெறும் எழுத்தாகக் காட்டும்.

ஓட்டும்போது

./புள்ளி மயில் --இடைவெளி 8 --கருமை 1 --வெளியீடு மயில்-நுண்மை
./புள்ளி பாட்டி --இடைவெளி 6 --கருமை 2 --வெளியீடு பாட்டி-புள்ளி
./புள்ளி படங்கள்/* --இடைவெளி 12 --அடைவு முடிந்தவை

பல கோப்புகளை ஷெல்லில் சுற்றுப் போட்டு ஓட்டுவதைவிட, ஸ்கிரிப்டே எத்தனை பெயர் வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி எழுதிவிடுவது மேல். மூன்றாவது வரி அப்படித்தான், அதில் ‘அடைவு’ என்பது முடிந்த படங்களைப் போட்டுவைக்கும் இடம். ஒரு படம் திறக்காவிட்டால் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும், நாற்பதாவது படத்தில் முறிந்து நிற்க வேண்டாம். ஆர்க்பார்ஸ் பெயரின் தொடக்கத்தை மட்டும் தட்டினாலும் புரிந்துகொள்ளும், --இடை 12 என்றாலே போதும்.

இடைவெளி எவ்வளவு என்பதற்குக் கைக்கணக்கு: படத்தின் அகலத்தில் 100 முதல் 150 புள்ளிகள் இருந்தால் புள்ளியும் தெரியும், படமும் தெரியும். 60-க்குக் கீழே போனால் முகத்தில் யார் என்று தெரியாது. கண் ஒன்றுக்குப் பத்துப் புள்ளியாவது விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அளவு தானாகத் தெரிந்துவிடும். ஒற்றை இலக்க இடைவெளியிலிருந்து தொடங்கி மேலே போங்கள்.

முடிந்த படத்தை 100 சதவீத அளவிலேயே பாருங்கள். வியூவர் திரைக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டும்போது இல்லாத மோரே தெரியும், இருக்கிற தவறு மறையும். ஜேபெக்காகச் சேமிக்க வேண்டாம். அது நிறத் தகவலை வழக்கமாகப் பாதி அளவில்தான் வைத்துக்கொள்கிறது, மெஜந்தா புள்ளியின் ஓரம் பக்கத்துத் தாளில் கசியும். நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது புள்ளி அல்ல, பூஞ்சை.

பனியனில் அச்சிட

இந்த வேலைக்குத் திரையைவிடத் துணிதான் பொருத்தம். திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் இடத்துக்குக் கோப்பு கொடுப்பதானால், நிறம் சேர்த்த படம் அவர்களுக்கு உதவாது. ஒவ்வொரு மைக்கும் தனித்தனிக் கருப்பு வெள்ளைத் தளம் வேண்டும். நிறமூட்டுவதற்கு முந்தைய படியிலேயே நிறுத்தி, ஓர மழுப்பல் இல்லாமல், முழு அளவில் நான்கு கோப்பாகச் சேமிக்க ஓர் ஆப்ஷன் வையுங்கள். நான்கிலும் ஒரே இடத்தில் ரெஜிஸ்டர் குறி (தளங்களை ஒன்றோடொன்று பொருத்த உதவும் அடையாளம்) இருக்க வேண்டும்.

துணிக்கு 35 முதல் 55 எல்.பி.ஐ. வரை போதும். இடைவெளி என்பது டிபிஐ-யை எல்.பி.ஐ.-யால் வகுப்பது. 600 டிபிஐ பிலிமில் 50 எல்.பி.ஐ. என்றால் 12 பிக்சல். மெஷ், அதாவது ஸ்கிரீன் வலையின் இழை எண்ணிக்கை, எல்.பி.ஐ.-யைப்போல் நான்கைந்து மடங்கு இருக்க வேண்டும், 45 எல்.பி.ஐ.-க்கு அங்குலத்துக்கு 180 முதல் 225 இழை. இதற்குக் குறைந்த மெஷ்ஷில் சின்னப் புள்ளிகள் இழைகளுக்கு நடுவே பிடிமானம் இல்லாமல் ஸ்கிரீனைக் கழுவும்போதே போய்விடும்.

ஆப்செட் கோணங்கள் இங்கே அப்படியே செல்லாது. ஸ்கிரீனின் இழைகளே 0, 90 பாகையில் ஓடும் ஒரு கட்டம், அதனோடும் மோரே உண்டாகும். அதனால் பல ஸ்கிரீன் பிரிண்டர்கள் எல்லா மைக்கும் 22.5 பாகையே கொடுக்கிறார்கள். ரெஜிஸ்டர் பிசகினால் நிறம் சற்று மாறும்தான், பனியனில் அதை யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கப்போவதில்லை. பட்டை ஓடினால் மட்டும் பத்தடி தூரத்திலேயே தெரியும்.

மை துணியில் பரவும், தாளிலும் பரவும். ஆப்செட்டிலேயே 50 சதவீதப் புள்ளி தாளில் 65 போலத் தெரிவது சாதாரணம், துணியில் இன்னும் கூடுதல். திரையில் சரியாக இருந்த தளத்தை அப்படியே கொடுத்தால் இருட்டாக வரும். கூடவே 10, 20, 30 என்று 100 வரை பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை அதே ஸ்கிரிப்டில் ஓட்டி, அதே துணியில் ஒருமுறை அச்சிட்டு வாங்குங்கள். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எல்லாம் ஒரே கருப்பாக ஒட்டிக்கொள்கிறது, எந்தக் கட்டத்துக்குக் கீழே புள்ளியே விழவில்லை என்று பார்த்து, ஸ்கிரிப்டில் மையின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் அந்த இரண்டு எண்களில் நிறுத்திவிடுங்கள். கருப்புப் பனியன் என்றால் நான்குக்கும் அடியில் வெள்ளை ஒன்று வேண்டும். அந்த ஐந்தாவது தளத்தை, படத்தில் தாள் அல்லாத பகுதி முழுவதையும் நிரப்பி, ஓரத்தில் ஒரு பிக்சல் உள்ளிழுத்துக் கொடுங்கள்.